இரண்டு சீடி, பதினைந்து ராப்சோடி, ஒரு பழைய பொக்ஸ்

சாமான் இதுதான்: ஃபிரான்ஸ் லிஸ்ட் எழுதிய ஹங்கேரிய ராப்சோடிகள், அதாவது ஹங்கேரிய மெட்டுகளை வைத்துக் கட்டிய பியானோ உருப்படிகள், 1 முதல் 15 வரை. பியானோ வாசித்தவர் ஜோர்ஜ் சிஃப்ரா. இரண்டு சீடி. புதிதல்ல, ஆரோ கேட்டு அலுத்து விற்றது. பாரிசில் இருக்கிற மச்சான் அங்கே ஒரு பழைய சாமான் சந்தையில் 6 யூரோ கொடுத்து வாங்கி, போன ஆவணியில் ஊருக்கு வந்தபோது சொக்லேட் பெட்டிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தான். "உனக்குத்தான் மச்சான் இது சரி. ஒரே சத்தம்" என்று கையில் தந்தான்.

சத்தம் என் தொழில். கிளிநொச்சியில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறேன். கோயில் திருவிழா, சாமத்தியவீடு, செத்தவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி என்று எது வந்தாலும் பொக்ஸை ஏற்றிக்கொண்டு போவேன். பியானோவை நேரில் பார்த்தது வாழ்க்கையில் இரண்டு தடவை. அதில் ஒன்று பூட்டிக் கிடந்தது. ஆனபடியால் இதை இசை படித்த ஒருவரின் எழுத்தாக எடுக்கவேண்டாம். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் மைக் வைத்து வைத்துப் பழகிய காது சொல்வது இது, அவ்வளவுதான்.

முதல் கஷ்டம் இதைப் போட்டுக் கேட்பது. மகளின் லப்டொப்பில் தட்டு வைக்கிற இடமே இல்லை. மீளக்குடியேறி வந்த புதிதில் வாங்கிய டிவிடி பிளேயர் ஒன்று கடையின் பின்னறையில், வயர்ச் சுருள்களுக்கு அடியில் கிடந்தது. தூசு தட்டி, லென்ஸைத் துடைத்து, பழைய 15 இஞ்சி பொக்ஸ் ஒன்றில் கொழுவினேன். வேறு நல்ல பொக்ஸ் எல்லாம் அன்று முறிகண்டிப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தன.

நேரே 2ஆம் ராப்சோடிக்குப் போனேன். எல்லோரும் போவது அதற்குத்தான். உங்களுக்கும் அது தெரியும், பெயர்தான் தெரியாது. டொம் அன்ட் ஜெரியில் டொம் கோட் போட்டுக்கொண்டு பியானோ வாசிக்க, ஜெரி உள்ளே கிடந்து குழப்படி செய்யுமே, 1947இல் வந்த கார்ட்டூன், அந்த வாத்தியம்தான். மகள் சின்னவளாக இருந்தபோது அதை எத்தனை தடவை பார்த்தாளோ, அத்தனை தடவை நானும் கேட்டிருக்கிறேன். அப்போது சிரிப்புத்தான் வந்தது. படம் இல்லாமல், இருட்டுக் கடைக்குள் இருந்து கேட்டால் சிரிப்பு வராது. தொடக்கத்தில் விழுகிற அந்த நாலைந்து கனத்த அடி, ஊர்வலம் வீதிக்கு வர முன்னம் தவிலை முறுக்கிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இந்த ராப்சோடிகள் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும். முன்பாதி மெதுவானது, அதற்கு லஷ்ஷான் என்று பெயர். பின்பாதி வேகம், அது ஃபிரிஷ்கா. மெதுவான பாதியில் பியானோ அழுவதும், கொஞ்சம் வீறாப்புக் காட்டுவதும், நிற்பதும், திரும்பவும் தொடங்குவதுமாகப் போகும். காலம் இறுக்கிப் பிடித்திருக்காது. நாதஸ்வரக்காரர் ஆலாபனையை இழுத்து இழுத்து, கூட்டத்தைப் பொறுமை இழக்க வைத்து, பேந்துதான் பாட்டைத் தொடுவார். அதே தந்திரம்தான். 2ஆவதில் ஃபிரிஷ்கா தொடங்குகிற இடம் மிக மெல்லிசு. தூரத்தில் ஒரு வாத்தியக் கூட்டம் வருகிற மாதிரி ஒரே சுரத்தைத் தட்டித் தட்டி வரும். ஹங்கேரியில் சிம்பலம் என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. மரப்பெட்டியில் கம்பி கட்டி, இரண்டு சின்னக் கோலால் அடிப்பது. எங்களுக்குச் சொல்லவேண்டுமென்றால் சந்தூரின் பெரியண்ணன். லிஸ்ட் பியானோவைக் கொண்டு அதைத்தான் பாவனை செய்கிறார். 11ஆவதின் தொடக்கத்தில் 'சிம்பலம் மாதிரி' என்று தாளிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

என் காதை முதலில் பிடித்தது வேகமல்ல, சுரம். மெதுவான இடங்களில் பழக்கமான ஒரு வாசம் வந்தது. இரண்டாம் நாள்தான் பிடிபட்டது, அது சிம்மேந்திரமத்திமம். கர்நாடக இசையின் 57ஆம் மேளகர்த்தா ராகம். 'அசைந்தாடும் மயில்' என்று பரதநாட்டிய வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஆடுகிறார்களே, அந்த ராகம். ஹங்கேரியக்காரர் தங்கள் மைனர் என்று சொல்கிற சுரவரிசையும் அதுவும் ஒன்றுதான்: அதே சாதாரண காந்தாரம், அதே பிரதி மத்திமம், அதே சுத்த தைவதம், அதே காகலி நிஷாதம். 13ஆவதின் மெதுவான பகுதியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடுங்கள், சொல்லாமலே விளங்கும். அந்த இசையைத் தூக்கித் திரிந்த ரோமா (ஜிப்சி) மக்களின் மொழிக்கு வேர் இந்தியாவில் என்பது மொழியறிஞர் சொன்ன விஷயம். அதைக்கொண்டு ராகமும் இங்கிருந்துதான் போனது என்று மேடையில் முழங்க எங்கள் ஆட்கள் சிலருக்கு ஆசை வரும். அது வேண்டாம். பன்னிரண்டு சுரம்தானே இருக்கிறது, இரண்டு ஊர்க்காரர் ஒரே தெருவால் நடந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் பியானோவால் முடியாது. கமகம். விசையைத் தட்டினால் சுரம் விழும், விழுந்த சுரத்தை வளைக்க வழியில்லை, கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். லிஸ்ட் அந்தக் குறையை வேறு விதமாகச் சமாளிக்கிறார். ஒவ்வொரு சுரத்துக்கு முன்னும் பின்னும் பொடிச் சுரங்களைத் தூவுகிறார், நடுக்குகிறார், மேலிருந்து கீழே சரமாகக் கொட்டுகிறார். ஆடம்பரம், வித்தைக் காட்டல் என்று இந்த இசையைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. பாதி வித்தைக் காட்டல்தான், மறுக்கவில்லை. மற்றப் பாதி, வளையாத ஒரு வாத்தியத்தை வளைக்கப் பார்க்கிற பாடு.

இனி ஆட்களைப் பற்றி. லிஸ்ட் பிறந்தது 1811இல், அன்றைய ஹங்கேரிக்குள் இருந்து இன்றைக்கு ஒஸ்திரியாவுக்குள் இருக்கிற ஒரு கிராமத்தில். வளர்ந்தது ஜெர்மன் பேசுகிற வீட்டில், பெயர் எடுத்தது பாரிசில். ஹங்கேரிய மொழி அவருக்குச் சரியாக வராது. ஊரைவிட்டுப் போன பிள்ளை, பெரியாளாகி 1839இல் திரும்பி வருகிறார். சனம் திரண்டு கொண்டாடி, மரியாதைக்கு ஒரு வாளும் கொடுக்கிறது. அந்த வருகைகளில் ரோமா வாத்தியக் குழுக்களிடம் கேட்ட மெட்டுகள்தான் பிறகு ராப்சோடிகளாயின. மொழி வராத வெளிநாட்டுப் பிள்ளை, ஊர் மேளம் கேட்டவுடன் கண் கலங்குவதை ஒவ்வொரு ஆவணியிலும் எங்கள் கோயில் வீதியில் பார்க்கிறேன். மச்சானின் மகன் வட்டாப்பளைக் கோயிலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை ஞாபகம் வந்தது.

முதல் 15உம் அச்சில் வந்தது 1851 முதல் 1853 வரை. 1848இல் ஹங்கேரியர் கிளர்ந்தெழுந்து, 1849இல் அடக்கப்பட்டு, அந்த ஒக்டோபரில் அவர்களுடைய தளபதிகள் 13 பேர் ஆராட் என்ற ஊரில் கொல்லப்பட்டு, அதற்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. 5ஆவதில் வேகமே கிடையாது, தொடக்கம் தொட்டு முடிவு மட்டும் இழவு நடை. 15ஆவது ராகோட்சி அணிநடை, பேரரசருக்கு எதிராக நின்றவரின் பெயரில் வழங்கிய மெட்டு. இன்னொரு விஷயத்தையும் தேடி வாசித்தேன். இந்த லஷ்ஷானுக்கும் ஃபிரிஷ்காவுக்கும் தாய், வெர்புங்கோஷ் என்ற ஆட்டம். 18ஆம் நூற்றாண்டில் ஊருக்குள் வாத்தியத்தோடு வந்து, ஆடிக்காட்டி, ஊற்றிக்கொடுத்து, இளந்தாரிப் பிள்ளைகளைப் படைக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கான இசை. அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நாள் இந்தச் சீடியை எடுக்கவில்லை. வன்னியில் இருக்கிறவருக்கு ஏன் என்று நான் எழுதத் தேவையில்லை.

சிஃப்ராவின் கதை இன்னும் ஒரு படி மேல். 1921இல் புடாபெஸ்டில் பிறந்தவர், ரோமா வாத்தியக்காரக் குடும்பம், தகப்பன் சிம்பலம் வாசித்தவர், வீட்டில் சரியான கஷ்டம். சின்னப் பிள்ளையாகவே சர்க்கஸில் இருத்தி, சனம் கேட்கிற மெட்டுக்கெல்லாம் அந்த இடத்திலேயே கைபோட்டு வாசிக்க வைத்தார்கள். உலகப்போரில் படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு மதுச்சாலைகளில் வாசித்துப் பிழைத்தார். 1950இல் நாட்டைவிட்டுத் தப்பப் பார்த்துப் பிடிபட்டு, 1953 வரை சிறை. அங்கே கல் சுமந்து மணிக்கட்டு பழுதாகி, பின்னாளில் மேடையில் அதில் தோல் வார் கட்டிக்கொண்டுதான் வாசித்தார். 1956 ஒக்டோபர் 22ஆம் திகதி புடாபெஸ்டில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் இரண்டாவது பியானோ கொன்செர்டோவை (பியானோவும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பது) வாசித்தார், அடுத்த நாள் கிளர்ச்சி வெடித்தது. அந்தக் குழப்பத்துக்குள் மனைவி பிள்ளையோடு எல்லை தாண்டி வியன்னா, அங்கிருந்து பாரிஸ். என் கையில் இருக்கிற பதிவு, பாரிசுக்கு வந்துசேர்ந்த அந்தப் புதிதில் செய்தது.

இது தெரிந்த பிறகு 6ஆவதைக் கேட்கவேண்டும். கடைசிப் பகுதியில் வலக்கை முழுக்க எட்டுச் சுர இடைவெளியில் இரட்டைச் சுரமாகவே அடிக்கும். பெருவிரலும் சின்னிவிரலும் விரிந்தபடியே நிற்க, மணிக்கட்டுத்தான் முழு வேலையும் செய்யவேண்டும், அதுவும் பக்கம் பக்கமாக, ஓய்வில்லாமல், வேகம் கூடிக்கொண்டே. கல் சுமந்த மணிக்கட்டு அது. கையைத் தொடையில் வைத்து அந்த அசைவை நானும் செய்துபார்த்தேன், ஒரு நிமிடம் தாங்கவில்லை. சிஃப்ரா களைப்பதற்குப் பதிலாகக் கோபப்படுகிற மாதிரி வாசிக்கிறார்.

சரி, தொழில்முறைச் சோதனைக்கு வருவோம். பங்குனியில் கண்டாவளைப் பக்கம் ஒரு அம்மன் கோயிலில் சாமான் இறக்கி, பின்னேரம் பொக்ஸ் சோதிக்க இதைத்தான் போட்டேன். வழமையாகப் பக்திப்பாட்டுத்தான் போடுவேன். அன்றைக்கு ஒரு ஆசை. மேளம் வாசிக்க வந்திருந்த வயதான தவில்காரர் ஒருவர் தேர்முட்டிப் படியில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். 2ஆவதின் ஃபிரிஷ்கா வந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, உது எத்தினை பேர்?"

"ஒராள் ஐயா. பியானோ."

"பகிடி விடாதை."

முடிவு மட்டும் தொடையில் தாளம் போட்டபடி கேட்டார். ஒரு கட்டத்தில் தாளத்தை விட்டுவிட்டுச் சும்மா இருந்தார். முடிந்ததும் சொன்னார்: "விரல் சுத்தம். சொல் ஒவ்வொண்டும் தனித்தனியா விழுது. ஆனா தம்பி, கணக்கு ஒண்டும் இல்லையே. முழுக்க ரெண்டு ரெண்டாத்தானே போகுது. காலமும் ஓடுது. எங்கட ஆக்கள் உப்பிடி ஓடினா நான் எழும்பிப் போயிடுவன்."

இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் வாசிக்கவில்லை. எங்கள் மேளச் சமாவில் விறுவிறுப்பு கணக்கில் இருந்து வரும். காலப்பிரமாணம் கல்லு மாதிரி நிற்க, அதற்குள் மூன்றும் ஐந்தும் ஏழுமாக வெட்டி, மோரா (மூன்று தரம் வந்து முடிகிற கோர்வை) வைத்து, சனம் எதிர்பாராத இடத்தால் சுற்றிவந்து சமத்தில், தாளம் தொடங்குகிற இடத்தில், விழும்போது கூட்டம் "ஆ" என்னும். லிஸ்டிடம் அது இல்லை. அவருடைய சரக்கு, காலத்தை ஓடவிடுவதுதான். எங்களுக்குப் பிழை, அவருக்கு அதுவே பரவசம். தேர் கடைசித் திருப்பத்தில் வடம் பிடிப்பவர்களின் கைக்குள் நிற்காமல் தானாக உருளத் தொடங்குமே, அந்த ஒரு நொடிப் பயமும் சந்தோசமும். பெரியவருக்கு ஒன்றை மட்டும் விளங்கப்படுத்தினேன். 2ஆவதின் முடிவுக்குக் கிட்ட, வாசிப்பவர் தன் இஷ்டத்துக்கு இட்டுக்கட்டி வாசிக்கலாம் என்று லிஸ்டே இடம் விட்டிருக்கிறார். ரஷ்யாவின் பியானோக்காரர் ராக்மானினோஃப் 1919இல் பதிவு செய்தபோது அந்த இடத்தில் தன் சொந்தச் சரக்கைத்தான் வாசித்தார். "அப்ப தனி விடுறாங்கள்" என்றார் பெரியவர். முகத்தில் கொஞ்சம் திருப்தி.

குறைகளும் இருக்கின்றன. பதிவு பழசு. அடிச்சத்தம் மெலிவு, மேல்சத்தம் கூர். ஹோர்னில் போட்டால் தகரத்தில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி கேட்கும், போடவேண்டாம். ட்ரெபிளை நல்லாய்க் குறைத்து, பொக்ஸில் மட்டும், அல்லது ஒரு நல்ல ஹெட்போனில் கேளுங்கள். கூட வந்த கைநூல் பிரெஞ்சில். மச்சானுக்குப் போன் போட்டு இரண்டு பக்கம் வாசிப்பித்தேன், மூன்றாம் பக்கம் "வேலைக்குப் போகோணும்" என்று வைத்துவிட்டான். இரண்டாவது தட்டில் கீறல், 12ஆவது ஓரிடத்தில் தாவுகிறது. விற்றவர் "கீறல் இல்லை" என்று சத்தியம் செய்தாராம். 6 யூரோவுக்கு என்னத்தைச் சண்டை பிடிப்பது.

பெரிய குறை சாமானில் இல்லை, கேட்கிற முறையில். 15ஐயும் ஒரே இருப்பில் கேட்காதீர்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், கறண்டும் சதி செய்யாமல் நின்றது. எட்டாவதுக்குப் பிறகு காது மரத்துவிட்டது, எல்லாம் ஒன்றுபோலவே அழுது ஒன்றுபோலவே ஓடின. திருவிழாக் கடையில் பதினைந்து விதமான இனிப்பையும் ஒரே நாளில் தின்ற பிள்ளையின் கதிதான். நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 3ஆவது நாலைந்து நிமிடம்தான், யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அது நல்ல விருப்பம். 9ஆவது புடாபெஸ்டின் ஒரு பாதியான பெஸ்ட் நகரத்துத் திருவிழாவாம், நீளம், எனக்குக் கொஞ்சம் அலுப்பு.

சிஃப்ரா தாளில் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறவரும் அல்ல. கூட்டுகிறார், இழுக்கிறார், தனக்குப் பிடித்த இடத்தில் நின்று பார்க்கிறார். அது பிடிக்காதவர்கள் ஆல்ஃபிரட் பிரெண்டல் வாசித்ததைத் தேடலாம், அதில் எல்லாம் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். இந்த இசை அடிப்படையில் மதுச்சாலை வாத்தியக் கூட்டத்தின் இசை, அதற்குள் பிறந்தவன் கை தனி என்பது என் கட்சி.

"இதெல்லாம் உண்மையில் நாட்டுப்பாடலா?" என்று மகள் கேட்டாள், அவளுக்கும் கூகிளுக்கும் நல்ல பழக்கம். முழுக்க இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்டோக்கும் இன்னொரு இசையமைப்பாளரான கோடாயும் ஒலிப்பதிவு மெசினைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனபோது, குடியானவர் பாடியது வேறு விதமாக இருந்தது. லிஸ்ட் கேட்டதில் கனக்க, பட்டணத்து ஆட்கள் எழுதி ரோமா வாத்தியக்காரர் பரப்பியவை. ரோமா மக்களின் சொந்த இசைதான் இது என்று லிஸ்ட் 1859இல் ஒரு புத்தகமும் எழுதி, ஹங்கேரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்சுக்கும் இதே சறுக்கல்: அவருடைய ஹங்கேரிய நடனங்களில் பெயர்போன 5ஆவது, கேலெர் பேலா என்பவர் எழுதிய மெட்டு, இவர் நாட்டுப்பாடல் என்று நினைத்துவிட்டார். எங்கள் வயலில் அருவி வெட்டுப் பாட்டுத் தெரிந்த கிழவி ஒருவரைத் தேடி ஒரு வாத்தியார் பிள்ளைகளோடு போனாராம். கிழவி ஆசையாகப் பாடியது முழுக்க எம்ஜிஆர் படப் பாட்டு. பாட்டு பிழையா? கிழவியின் குரலில் அது வயல் பாட்டாகத்தான் இருந்ததாம்.

வாங்குவதென்றால்: இதே தொகுப்புத்தான் வேண்டும் என்றில்லை, இணையத்திலும் கிடைக்கிறது. டேட்டா மிச்சம் இருந்தால் 6, 2, 13, 5 என்ற வரிசையில் தொடங்குங்கள். பிராம்சின் நடனங்கள் சின்னச் சின்னது, பிள்ளைகளுக்கு அதைப் போடலாம். காசுக்கு மதிப்பு உண்டா என்றால் உண்டு. என் தட்டை இரவல் கேட்கவேண்டாம். தவில்காரரின் பேரன் ஏற்கெனவே ஒருக்கா வாங்கிப்போய், மூன்று கிழமை கழித்துத்தான் தந்தான், அதுவும் உறை இல்லாமல்.

அந்த 12ஆவதின் கீறலும் பழகிவிட்டது. போன கிழமை யூடியூபில் கீறல் இல்லாத 12ஐக் கேட்டேன். தாவவேண்டிய இடம் வந்தது, தாவவில்லை. இவன் பிழையாக வாசிக்கிறான் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.